பெயர் கேட்காத விருந்து

போன சனிக்கிழமை ஆயிரம் வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்துக்குப் போய்வந்தேன். இடம் என்னவோ எங்கள் நகரத்தின் மேற்கு முனையில், எட்டோபிக்கோவில் ஒரு சமூக மண்டபம்தான். ஆங்கிலோ-சாக்சன் காலத்துப் பிரபுவின் விருந்தை நடித்துப் பார்க்கிற குழு ஒன்று அங்கே கூடுகிறது. என்னை இழுத்தது நூலகத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பின் கடைசி வரி: 'பெயரையும் தொழிலையும் வாசலில் விட்டுவிட்டு வாருங்கள்.' பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். என்ன படிக்கிறாய் என்று யாரும் கேட்காமல், ஒரு நேரம் ஆட்களோடு இருந்து சாப்பிட ஆசையாக இருந்தது.

நகரத்தின் கிழக்கே நான் இருக்கிற டோர்செட் பார்க்கிலிருந்து காலை 10.20க்குப் புறப்பட்டேன். பஸ், சப்வே, மறுபடி பஸ். கிட்டத்தட்ட முப்பது கிலோமீற்றர், ஒரு மணி நாற்பது நிமிடம். பயண கார்ட் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரே கட்டணம். நுழைவு, சாப்பாட்டோடு பதினெட்டு டொலர்.

வாசலில் ஒரு பைக்குள் கைவிட்டு மரத்துண்டு எடுக்கவேண்டும். பிரபு, அவருடைய வீரர், உழவர், அடிமை: துண்டில் எழுதியிருப்பதுதான் அன்றைய தகுதி. இருக்கையும் அதன்படிதான். அடிமைகளுக்குக் கதவடி, குளிர்காற்று. எனக்கு வந்தது பிரபுவின் மனைவி. தேனைப் புளிக்கவைத்துச் செய்த மதுவைத் தகுதி வரிசைப்படி கொண்டுபோய்க் கொடுப்பது அந்தக் காலத்துச் சீமாட்டியின் வேலை. அதுவே அவளுக்குப் பெருமையும். அன்று கோப்பையில் இருந்தது ஆப்பிள் சாறு.

வீட்டுப் பழக்கத்தில், இருந்தவர்களில் ஆக வயதானவரிடம் முதலில் நீட்டிவிட்டேன். அவர் அடிமை. மண்டபமே சிரித்தது. மேடையிலிருந்த பிரபு என் முகத்தைப் பார்த்தே தமிழென்று கண்டிருக்கவேண்டும்.

"தங்கச்சி, ராசா இஞ்ச தண்ணிவிடாயில சாகிறன். அங்க அடிமைக்கு உபசாரமோ?"

"வயசுக்கு மூத்தவர் எண்டு..."

"ஓம், உது எங்கட வீட்டுச் சட்டம். இஞ்ச எல்லாருக்கும் முதல் நான்தான். நாலு மணி வரைக்கும்."

நான்கு மணி வரை எல்லோரும் என்னை 'மை லேடி' என்றே கூப்பிட்டார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் வந்தது அதற்குத்தான். ஆனால் மரத்துண்டைத் திரும்பப் பைக்குள் போட்டபோது, இதை வேறு யார் எடுத்திருந்தாலும் இவர்கள் இப்படியேதான் கூப்பிட்டிருப்பார்கள் என்று பட்டது.

4.10க்கு பஸ் தரிப்பில் பிரபு நின்றார், ஒளிரும் மஞ்சள் வெஸ்ட்டோடு. மேற்கே மிசிசாகா பக்கம், விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலையாம்.

"ராசாவுக்கு அஞ்சரைக்கு ஷிஃப்ட்," என்றார். "அது சரி, உம்மட பேரைக் கேக்கவே இல்லை. என்ன பேர்?"

பெயருக்கு அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருடைய பஸ் வந்துவிட்டது.

"சரி மகாராணி, அப்ப வாறன்," என்று ஏறிப்போனார்.

என் பஸ்ஸுக்குப் பதினான்கு நிமிடம் இருந்தது. அவ்வளவு நேரமும் என் பெயரை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: விருந்து மாதத்தின் முதல் சனி. உட்காரும் வாங்குகள் வெறும் மரம், மடித்துப் போட்டு இருக்க ஒரு துவாய் கொண்டுபோங்கள். வெளியே வந்த பிறகு யாராவது பெயர் கேட்டால் உடனே சொல்லிவிடுங்கள். மேற்கே போகிற பஸ் சரியான நேரத்துக்கு வந்துவிடுகிறது.