கடிக்கிற நாளில் எந்தத் தவளை?

கடையைத் திறக்கும் முன்பே மாதேஷ் போன் செய்தார். மாரண்டஹள்ளியில் தக்காளி லோடு ஓட்டும் டிரைவர்.

"ஆபரேஷன் முடிஞ்சு வூட்டுக்கு வந்ததுல இருந்து எம் பொண்டாட்டி ஒண்ணுமே சாப்புடலீங்கண்ணா. இன்னிக்குத்தான் வாயத் தொறந்து விரால் கொழம்பு கேட்டா. உசுரோட, பெருசா ஒண்ணு புடிச்சுக் குடுங்க. ஐஸ் மீனுன்னா எங்க ஆத்தா வூட்டுக்குள்ளயே வுடாது."

பாப்பாரப்பட்டியில் நான் நடத்துவது தூண்டில் சாமான் கடை. கேட்பவர்களுக்கு விரால் பிடித்துக் கொடுப்பதும் தொழிலில் சேர்த்தி. தண்ணீர் மேல் ரப்பர் தவளையை இழுத்தால் விரால் பாய்ந்து கவ்வும். அந்தத் தவளைக்கு எங்கள் தொழிலில் ஃப்ராக் என்று பெயர். டப்பா நிறைய கம்பெனி ஃப்ராக் இருந்தாலும், ராஜா என்றால் காதர் பாய் பழைய ஹவாய் செருப்பை வெட்டிச் செய்து கொடுத்ததுதான். பாய்க்குச் செருப்புக் கடை. அதே மாதிரி இன்னொன்று அவருக்கே வரவில்லை.

அன்று பாயும் கூட வந்தார். இண்டூர் பக்கம் ஓர் ஏரி. மழையில் புதுத் தண்ணீர் வந்திருந்தது. கம்பெனி ஃப்ராக்கைப் போட்டேன், போட்டதெல்லாம் கடி. ஆனால் வந்ததெல்லாம் பொடிசு. திரும்ப விட்டுக்கொண்டே இருந்தேன்.

"நம்ம தவளைய எடுங்க மொதலாளி." பாய் என்னை முதலாளி என்றால் கிண்டல் என்று அர்த்தம்.

"எதப் போட்டாலும் கடிக்குது பாய். நல்லத எதுக்குக் கருவேல முள்ளுல சிக்க வுட்டுத் தொலைக்கணும்? கடிக்காத நாளுக்கு ஆவும்."

"கடிக்காத நாள்ல இதையுந்தான் கடிக்காது. பீரோவுல வெக்கவா செஞ்சு குடுத்தேன்?"

அந்த நேரம் ஏரிக்குள் நின்ற கருவேல மரத்தடியில் பெரிய விரால் ஒன்று ஃப்ராக்கை அடித்துவிட்டுத் துப்பியது. கெட்டி ரப்பர். வாயில் அமுங்கினால்தானே உள்ளே மறைந்திருக்கும் ஹூக் வெளியே வரும். இன்னொரு தடவை துப்பினால் மீன் உஷாராகிவிடும். கஞ்சத்தனத்தை மூட்டை கட்டிவிட்டு பாயின் மெத்தென்ற தவளையை மாட்டி வீசினேன். தண்ணீர் வெடித்தது. தூண்டில் ராடு வளைய வளைய இழுத்துக் கரை சேர்த்தோம்.

தவளை தொண்டைக்குள் போயிருந்தது. பிடுங்கினால் தவளை முழுசாக வரும், செவுள் கிழிந்து மீன் செத்துவிடும். நான் தவளையையும் மீனையும் மாறி மாறிப் பார்த்தேன். பாய் யோசிக்கவே இல்லை. செருப்பு அறுக்கும் கத்தியால் தவளையை மீனின் வாய்க்குள்ளேயே துண்டு துண்டாக அறுத்தார். கட்டிங் பிளேயரால் ஹூக்கை வெட்டி எடுத்தார்.

"பாய், உங்க தவளை!"

"செருப்புதானுங்க. அந்தப் பொண்ணு பசியோட கெடக்குது. பக்கெட்டத் தூக்குங்க."

அந்த மனுஷனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மாதேஷ் பக்கெட் மூடியைத் திறந்ததும் விரால் துள்ளி அவர் சட்டையை நனைத்தது. "யப்பா, என்னா உசுரு!" என்று சிரித்தார். சாயங்காலம் போன் வந்தது. "அவ ரெண்டாவது வாட்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்புட்டாண்ணா."

கடைக்கு வரும் பசங்களுக்கு இப்போது ஒன்றுதான் சொல்கிறேன். பெரிய மீன் மேலே வருவதும் எல்லா மீனும் கடிக்கிற அதே நாளில்தான். இருப்பதில் நல்லதை அன்றைக்கே போடுங்கள். போனால் போகட்டும். டப்பாவுக்குள் பத்திரமாக இருந்த நாளெல்லாம் அந்தத் தவளை யாருக்கும் ஒரு வாய் சோறு போட்டதில்லை.