பெரியம்மாவின் கேசட்டுகள் திரும்பி வரவேண்டும்

எங்கள் பெரியம்மா கர்த்தரிடம் சென்று இன்றோடு ஓராண்டு ஆகிறது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லாததால் தங்கை மகளான நான் இந்த நினைவு மலரில் எழுதுகிறேன். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்தவள். அலங்காரமாக எழுத வராது.

பெரியம்மா கொல்லயிலில் பிறந்தார்கள். பத்தாம் வகுப்புக்குப் பின் தையல் கற்று, பனச்சமூட்டில் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்தினார்கள். மணம் செய்துகொள்ளவில்லை. உடன் தைத்த லீலா அக்காவோடு ஒரே வீட்டில் இருபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார்கள். "எப்பளாக்கும் கல்யாணம்?" என்று கேட்பவர்களிடம், "வீட்டுல ஆளு உண்டு, எடமில்ல" என்பார்கள்.

ஆணாக வளர்க்கப்பட்டுப் பெண்ணாக வாழ்ந்த ஒருவருக்கு ரவிக்கை தைக்க மற்ற தையற்காரர்கள் மறுத்தார்கள். பெரியம்மா அளவு நாடாவை எடுத்து, "அளவெடுக்கதுக்கு உடம்பு போதும் மக்கா, சர்ட்டிபிக்கற்று வேண்டாம்" என்றார்கள். சேர்ந்து வாழப் போன இரண்டு பெண்களை வீட்டார் காவல் நிலையத்துக்கு இழுத்து வந்த நாளில், வகுப்புப் பெண்களோடு போய் அதன் வாசலில் உட்கார்ந்தார்கள். இருவரையும் விருப்பம்போல் போக விடும்வரை எழவில்லை. எங்கள் மகளிர் சங்கம் அப்படித்தான் தொடங்கியது.

சங்கத்துக்கு வந்தவர்களின் வாழ்க்கையை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துப் பெரியம்மா டேப்ரெக்கார்டரில் பதிவு செய்தார்கள். கருவியைப் பார்த்துக்கொண்டது நான். மூன்று விதிகள் வைத்தோம். கேசட்டின்மேல் பெயர் கூடாது, எண் மட்டும். பெயர்ப் பட்டியல் லீலா அக்காவிடம் இருக்கும். பேசியவர் என்றைக்குக் கேட்டாலும் அவர் முன்னாலேயே அழித்துவிட வேண்டும். மூன்றாவது விதிக்காகத்தான் கேசட்டுகளின் மேல்விளிம்பிலுள்ள சிறு பிளாஸ்டிக் நாக்கை நான் ஒடிக்காமல் விட்டேன். ஒடித்திருந்தால் அவற்றில் யாரும் எதையும் மறுபடி பதிந்திருக்க முடியாது.

அடக்க ஆராதனையைப் பதிவு செய்து வளைகுடாவில் இருக்கும் உறவினர்களுக்கு அனுப்புவது நம் குடும்ப வழக்கம். மாமா பெரியம்மாவின் அலமாரியைத் திறந்து எட்டுக் கேசட்டுகளை எடுத்து, ஆராதனையை அவற்றில் பதிந்து, எட்டு வீடுகளுக்கு அனுப்பிவிட்டார்.

"பேரு ஒண்ணும் இல்லியே மக்கா, வெறும் நம்பராக்கும். காலி கேசட்டுண்ணுல்லா நெனச்சேன்" என்றார் பிறகு.

"லீலா அக்காட்ட ஒரு வாக்கு கேட்டிருக்கலாமே மாமா? முற்றத்துலதானே இருந்தாவ."

"அந்தக் கூட்டத்துக்க எடைல அவளத் தேடவா?"

தேட வேண்டியிருந்திருக்காது. அவரை வீட்டுக்குள் உட்கார விட்டிருந்தால் போதும்.

பதிந்த பக்கத்தை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. ஆராதனை ஒரு பக்கத்திலேயே முடிந்ததால் மறுபக்கத்துப் பேச்சு அப்படியே இருக்கிறது. இப்போது என் கவலை அதுதான். ஆறு மாதத்துக்கு முன் ஒரு பெண் வந்து, "நான் பேசினத அழிச்சுத் தாருங்க" என்றார். காரணம் கேட்பது எங்கள் விதியில் இல்லை. லீலா அக்கா பட்டியலைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் கேசட் அந்த எட்டில் ஒன்று.

"ஒங்க கையில இல்லேண்ணு சொன்னா, ஆருக்க கையில இருக்கு?" என்று அந்தப் பெண் கேட்டார். எந்த எண் யாருக்குப் போனது என்று மாமா குறித்து வைக்கவில்லை. மாதாமாதம் அந்தப் பெண் வருகிறார், வெறுங்கையோடு போகிறார்.

எட்டு வீடுகளுக்கும் எழுதினேன். இரண்டு கேசட்டுகள் வந்தன. அவருடையது அவற்றில் இல்லை. ஓர் அண்ணன் தொலைபேசியில், "பெரியம்மக்க அடக்கப் பாட்டாக்கும், எப்பிடி தருவேன்? மறுபக்கம் ஆரோ பொம்பளையளுக்க கதை. எல்லாரும் இருந்து கேட்டோம், நல்ல தமாசு" என்றார்.

நன்றி சொல்ல வேண்டியவர்களில் முதலாமவர் லீலா அக்கா. கடைசி மூன்று மாதங்களும் பெரியம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, கூடவே இருந்தவர். மாமா தந்த பட்டியலில் அவர் பெயர் இல்லை, நான் சேர்த்திருக்கிறேன். சபையாருக்கும் சங்கத்துப் பெண்களுக்கும் எங்கள் நன்றி.

மீதமுள்ள ஆறு வீடுகளுக்கும் இந்த மலர் வருகிறது. மறுபக்கத்தைக் கேட்காமல் கேசட்டை லீலா அக்காவுக்கு அனுப்புங்கள். ஆராதனையைப் புதுக் கேசட்டில் பதிந்து அதே வாரம் உங்களுக்கு அனுப்புவேன். அடுத்த மாதமும் அந்தப் பெண் வருவார். அவர் பார்த்துக்கொண்டிருக்க, நான் அதை அழிக்க வேண்டும்.