மழைக்கும் பனிக்கும் நாலு டயர்

பள்ளிக்கூட வாசலில், மழையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காரின் முன்டயர் பள்ளத்துக்குள் நாணயத்தைச் செருகிப் பார்க்கிறாள் வெர்னா லெத்தினன். நாணயம் இறங்கவில்லை. கொஞ்சம் தள்ளிச் செருகுகிறாள், அந்த இடம் மட்டும் தேயாமல் இருக்கும் என்பதுபோல. பள்ளிச் சமையலறையில் கூட வேலை செய்யும் மோரின் குடைக்குள்ளிருந்து கத்துகிறாள்: "தெனம் நாடி பிடிச்சா பொழைச்சுக்குமாடி? மொட்டையாயிடுச்சு. மாத்தித் தொலை!"

வெர்னாவின் ஊர் நிப்பிகன், குளிர்நாட்டு ஏரிக்கரைச் சிற்றூர். கணவர் ஆர்வோவின் சிறுநீரகங்கள் இரண்டும் போய்விட்டன. வாரம் மூன்று தடவை, வேலை முடிந்த கையோடு, ரத்தம் சுத்திகரிக்க அவரைத் தூரத்து நகரமான தண்டர் பேவுக்கு ஏற்றிக்கொண்டு போவாள். பாறையைக் குடைந்த வளைவுகள், கீழே ஏரி. காரில் பாட்டு கிடையாது. சக்கரச் சத்தம் காதில் விழ வேண்டும். தெருமுனை தாண்டியதும் பின்னால் யாருமில்லை என்று பார்த்து, பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பார்ப்பாள். மழையென்றால், முன்னே போகும் லாரி தண்ணீரை ஒதுக்கிய தடத்திலேயே சக்கரத்தை வைப்பாள். இறக்கத்தில் வாய் தானாக முணுமுணுக்கும்: "மெதுவா, மெதுவா... என் ராசாத்தி இல்ல." காரிடம் சொல்வதுதான்.

அக்டோபரில் ஒட்டிக்கொண்ட பயம் இது. திரும்பி வரும்போது நல்ல மழை. வளைவில் தேங்கிய தண்ணீர்மேல் கார் ஏறி மிதந்தது. ஸ்டியரிங் கனமே இல்லாமல் சுற்றியது. எதிர்ப்பக்கத்துக்கு வழுக்கிப் போனபோது, மரம் ஏற்றிய லாரி ஒன்று ஊளையிட்டபடி, கண்ணாடியை உரசாத குறையாகக் கடந்தது. பக்கத்தில் ஆர்வோ கண்மூடிக் கிடந்தார். அவள் எழுப்பவில்லை, பிறகும் சொல்லவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரியே வேண்டாமென்று உட்கார்ந்துவிடுவார்.

முதல் பனி வரப்போகிறது என்று வானொலி சொன்ன நாளில் இருவரும் டெல்மரின் டயர் கடைக்குப் போனார்கள்.

"மழையிலயும் நிக்கணும், பனியிலயும் நிக்கணும், கையையும் கடிக்கக் கூடாது" என்றாள் வெர்னா.

"டயர் வாங்க வந்தியா, மருமகன் தேட வந்தியா?" என்றார் டெல்மர். பிறகு இரண்டு டயர்களை உருட்டி வந்தார். "பெரிய கம்பெனின்னா ரெண்டு. அதே காசுக்குப் பேர் தெரியாத கம்பெனி நாலு. இதுலயும் பாரு, மலைக்குள்ள பனிப்பூ முத்திரை இருக்கு, பனிக்கு ஏத்ததுன்னு அர்த்தம். ஈரத்துல நல்லாப் பிடிக்கும். ஐஸ்ல மட்டும் பெரிய கம்பெனி அளவுக்கு நிக்காது. பொய் சொல்ல மாட்டேன்."

"நல்ல ரெண்டை முன்னாடி போட்டா?"

"முன்னாடி நிக்கும். பின்னாடி சுத்திக்கும்."

"பழசுல நாலு?"

"மேல இருக்கற பட்டன் மேடு பாக்க அழகாத்தான் இருக்கும். ரப்பர் இறுகிப் போயிருக்கும். குளிர்ல கல்லு."

வெர்னா மலிவு டயரில் நகத்தை அழுத்தினாள். நகம் பதிந்தது. ஆனாலும் 'ஐஸ்ல நிக்காது' என்றாரே டெல்மர். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தபோது, ஹீட்டர் ஓரத்து நாற்காலியிலிருந்து ஆர்வோ சொன்னார்:

"நாலையும் போடு, வெர்னா."

"உனக்கென்னய்யா தெரியும்?"

"அன்னைக்கு நான் தூங்கலை. லாரிக்காரன் மூஞ்சியைப் பாத்தேன். அவனும் வாயைப் பொளந்துக்கிட்டுத்தான் இருந்தான்." சற்று நிறுத்தினார். "ஐஸ்னா மெதுவாப் போ. எனக்கென்ன அவசரம்?"

டெல்மர் ஜாக்கியை எடுத்து வரப் போனார்.

அடுத்த வாரம் மழையும் பனியும் கலந்து கொட்டின. இறக்கத்தின் அடியில், விளக்கு வெளிச்சத்துக்குள், காட்டுக் கடமான் ஒன்று ஆளுயரத்துக்கு மேல் நின்றது. வெர்னா பிரேக்கை மிதித்தாள். பெடல் காலுக்கடியில் தடதடவென உதறியது. பின்பக்கம் லேசாக நெளிந்து, நேரானது. கார் நின்றது. கடமான் அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிதானமாகக் காட்டுக்குள் இறங்கியது.

"நின்னுடுச்சு" என்றார் ஆர்வோ.

வெர்னா காரை மெல்ல ஊரவிட்டு ஓரங்கட்டினாள். ஸ்டியரிங்கைப் பிடித்த கைகள் அப்படியே இறுகிக் கிடந்தன. ஊசி குத்திய கையை மெல்ல நீட்டி, ஆர்வோ அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கத் தொடங்கினார்.