செங்கல் கோயிலும் சில நல்லவர்களும்

பழைய கட்டடத்தைப் பழையபடியே நிற்க வைப்பது என் தொழில். இந்த ஒரு வரியைப் புரியவைப்பதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது.

ஆபீஸ் மும்பை செம்பூரில். சில வருடங்களாக எங்கள் கையில் இருந்தது ஓர் இடைக்காலச் சமணக் கோயில். ரயிலிறங்கி ஜீப்பில் போக வேண்டிய ஊர். கருவறையில் இருக்கும் தீர்த்தங்கரர் மட்டும்தான் கல். மற்றதெல்லாம், சிகரத்தின் உச்சி வரைக்கும், செங்கல். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் யாராவது பெயிண்ட் டப்பாவோடு கிளம்பிவிடுவீர்கள். ஹவுசிங் சொசைட்டி மீட்டிங்கில் 'வாட்டர் ப்ரூஃபிங்' என்ற வார்த்தையைக் கேட்டுக் கேட்டு நொந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது சட்டென்று புரியும்.

காசில்லாத பகவான்

உபயதாரர் உல்லாஸ்நகரில் திரைச்சீலை வியாபாரி. கோயிலைச் சுற்றி வெள்ளை மார்பிள் ஒட்டியே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். மாட்டுங்காவில் ஒரு ஹோட்டலில் உட்கார வைத்து, போட்டோக்களைப் பரப்பி விளக்கினேன். இந்தச் செங்கற்கள் நம் காலத்துச் செங்கல்லைவிட அகலம், தட்டை. இரண்டுக்கும் நடுவே நூல் நுழைகிற அளவுதான் சாந்து. சுவரில் தெரிகிற கொடியும் அன்னமும் செங்கல்லிலேயே செதுக்கியவை. மேலே மார்பிளை ஒட்டினால் உள்ளே ஈரம் தங்கி, எல்லாம் மாவாக உதிர்ந்துவிடும்.

மனிதர் பொறுமையாக இட்லியை முடித்தார். கை கழுவிவிட்டு வந்து ஹிந்தியில் கேட்டார்:

"மேடம், செங்கல் வெளியே தெரிஞ்சா, பகவானுக்கு வீடு கட்டி முடிக்கக்கூடக் காசில்லைன்னு நாலு பேர் நினைக்க மாட்டாங்களா?"

அன்னம்

மார்பிளை நிறுத்த நான் மீட்டிங் மீட்டிங்காக உட்கார்ந்திருந்தபோது, அங்கே கோயிலில் காண்ட்ராக்டர் செல்லத்துரை பின்சுவரில் சிமெண்ட் பூசி முடித்திருந்தார். தாராவிக்காரர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். சுண்ணாம்பு காய நாளாகும், சிமெண்ட் என்றால் ஃபடாஃபட். அவருக்குத் தெரிந்த கட்டடக்கலை அவ்வளவுதான்.

மழைக்கு முன்னால் அதை எடுத்தாக வேண்டும். உளி வைத்து மெல்ல மெல்லப் பெயர்க்கச் சொன்னேன். பெரும்பகுதி நல்லபடியாகத்தான் வந்தது. ஓர் இடத்தில் மட்டும் சிமெண்டோடு ஓர் அன்னத்தின் கழுத்தும் சேர்ந்து வந்துவிட்டது. எத்தனையோ நூறு மழையைத் தாங்கிய கழுத்து. அதைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கண் நிறைந்துவிட்டது. செல்லத்துரைக்கு என்னமோ மாதிரி ஆகிவிட்டது போல. பக்கத்தில் வந்து ஆறுதல் சொன்னார்:

"இதுக்குப் போயா அழுவுதீய மேடம்? நம்ம கும்பார்வாடா பானைக்காரன்கிட்டச் சொன்னா, இதவிடப் பெரிய வாத்தே செஞ்சு தருவான்."

முட்டை

சான்பாடா இளைஞன் ஒருவன் பாரம்பரியச் சின்னங்களைப் பற்றி ரீல்ஸ் போடுகிறவன். எங்கள் கோயிலையும் விடவில்லை. முட்டை வெள்ளைக்கருவில் குழைத்த சாந்தால் கட்டியதாம்! ஆபீசுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன்: மண்ணுக்கடியில் விளைகிற வெங்காயத்தையே தொடாதவர்கள், தங்கள் தெய்வத்துக்கு முட்டையிலா வீடு கட்டுவார்கள்? சுண்ணாம்பப்பா, வெறும் சுண்ணாம்பு. அதிசயம் வேண்டுமென்றால் கூரையைக் காட்டு. வளைவே கிடையாது, ஒவ்வொரு வரிசையையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி அடுக்கி, உச்சியில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள்.

தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். ரீலை நீக்குவாயா என்றதற்கு மட்டும் பதில் வேறாக இருந்தது:

"ஆன்ட்டி, முட்டைன்னா பப்ளிக் நின்னு பாக்குது, சுண்ணாம்புன்னா ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடுது."

முன்வரிசை மாமா

மாட்டுங்காவில் ஒரு சபாவில் இதே கோயிலைப் பற்றிப் பேசினேன். படம் படமாகப் போட்டுக் காட்டினேன். முன்வரிசையில் ரிட்டயர்டு பேங்க் மாமா ஒருவர் கண்கொட்டாமல் பார்த்தார். 'ஒருத்தராவது அகப்பட்டாரே' என்று அவரைப் பார்த்தே பேசி முடித்தேன். முதல் கேள்வியும் அவருடையதே:

"எல்லாம் சரிம்மா, இத்தனை பழைய பில்டிங்கை ஏன் இன்னும் பில்டர்கிட்ட ரீடெவலப்மெண்டுக்குக் குடுக்காம வெச்சிண்டிருக்கா?"

ஹெல்மெட்

மார்பிள் ஒருவழியாக நின்றது. பின்சுவரைச் சுண்ணாம்புச் சாந்திலேயே முடித்தோம். உதிர்ந்த இடத்தில் அதே அளவில் சுட்ட செங்கல் வைத்தோம். கிட்டப் போனால் எது புதிது என்று தெரியும். தள்ளி நின்றால் தெரியாது. மழை கொட்டி ஓய்ந்த பிறகு போய் உள்சுவரில் கை வைத்துப் பார்த்தேன். ஈரமே இல்லை. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு கன்னத்தையும் வைத்துப் பார்த்தேன்.

அப்புறம் வேலையைச் சரிபார்க்க ஓர் இன்ஜினியர் வந்தார். மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே, பழைய போட்டோவைக் கையில் பிடித்துக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்தார். போட்டோவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்:

"எல்லாம் பார்த்தாச்சு மேடம், வேலையை எப்போ ஆரம்பிக்கப் போறீங்க?"

எங்கள் தொழிலில் வேலை சுத்தமாக முடிந்தது என்பதற்குக் கிடைக்கிற ஒரே சர்டிபிகேட் இதுதான். தான் கொடுத்தது கொடுக்கிறவருக்கு மட்டும் தெரிவதே இல்லை.