எட்டாம் சேனல்

என் அக்காவைப் போல அடம் பிடிக்கிறவளை இந்தத் திம்புள்ளத் தோட்டம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது, அடுத்த மழையிலேயே சரிந்து வந்துவிடலாம், காம்பராவைக் காலி பண்ணுங்கள் என்று அதிகாரிகள் சிங்களத்திலும் தமிழிலும் சொல்லிவிட்டுப் போனார்கள். வரிசையாக ஒட்டிக் கிடக்கும் லயத்து அறைகளிலிருந்து ஆட்களெல்லாம் சட்டிமுட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்கூல் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். இவள் மட்டும் கடைசிக் காம்பராவில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். சொன்னால் கேட்கிற ஜென்மமா அவள்!

முந்தைய மண்சரிவில் கீழ் லயம் போனது. அதில் அகப்பட்டவர்களை இழுத்துப்போட ஓடிய அத்தான் திரும்பி வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

மலைச்சரிவுகளில் அளவுக் கருவி பூட்டுவதுதான் என் வேலை. அந்த மலைக்கு வேறு ஆளை அனுப்ப மனசு வராமல் நானே போனேன். கருவிகள் அளப்பதைப் பதிவு பண்ணுகிற பெட்டியை அக்காவின் இஸ்தோப்புத் திண்ணையில் வைத்தேன். பெட்டிக்குள் மொடியூல்கள், ஒரு மொடியூலுக்கு எட்டு சேனல். எந்தச் சேனலில் எந்தச் சென்சர், எத்தனை வோல்ட், எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை பார்ப்பது என்று லெப்டொப்பில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மண்ணின் சாய்வு, நிலத்துக்குள் தண்ணீர், மழை என்று ஏழு சேனலை முடித்தேன். எட்டாவது சும்மா கிடந்தது.

தேத்தண்ணியோடு வந்த அக்கா திரையை எட்டிப் பார்த்தாள். எட்டாவது கோடு ஏழாவதோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

"கம்பியே மாட்டல, இது எப்புடிடி ஆடுது?"

பெட்டி சேனல்களை வரிசையாகத் தொட்டுக்கொண்டு போகிறது, ஏழைத் தொட்டதின் மிச்சம் எட்டில் ஒட்டிக்கொள்கிறது என்றேன். லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாததால் பக்கத்துக் காம்பரா இருமல் நம் காம்பராவில் கேட்குமே, அது மாதிரி. பிறகு ஒரு துண்டுக் கம்பியால் எட்டை எர்த்தோடு சேர்த்தேன். கோடு பூச்சியத்தில் படுத்துவிட்டது. பெரிய வித்தை காட்டியவள் மாதிரி சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"பக்கத்துக் காம்பராவுல ஆளே இல்லாட்டி?" என்று கேட்டாள்.

பிறகுதான் சொன்னாள். அத்தானுக்கு ஃபெக்டரியில் ராத்திரி வேலை. விடியப் பெரட்டுக்கு ஆள் கூப்பிடுவதற்கு முன்னால் வருவார். கதவைத் தட்டினால் லயமே முழித்துக்கொள்ளும் என்று, வெளியே நின்று அவள் தலைமாட்டுச் சுவரில் இரண்டு தட்டு தட்டுவார். மழை பெய்கிற விடியலில் இப்போதும் தட்டுகிறாராம்.

"நான் போயிட்டா அவரு வந்து தட்டிக்கிட்டே நிப்பாருடி."

எனக்குக் கோபம் வந்தது. உசிர் போகப் போகிறது, இவள் செத்தவருக்குக் கதவு திறக்கக் காத்திருக்கிறாள். பையில் வெடிப்பு அளக்கிற சென்சர் ஒன்று மிச்சம் கிடந்தது. தட்டு கேட்பதாக அவள் காட்டிய இடத்தில் மயிரிழை போல ஒரு கீறல் ஓடியது. அதற்குக் குறுக்கே சென்சரைப் பூட்டி, எர்த் துண்டைக் கழற்றிவிட்டு எட்டாம் சேனலில் கொடுத்தேன். மற்றவை பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். தட்டு அப்படி அகப்படாது. எட்டை மட்டும் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும்படி மாற்றினேன். தட்டினால் உடனே எனக்குப் போன் எடு என்று சொல்லிவிட்டு ஹட்டனுக்கு வந்தேன்.

அடுத்த மழையில் போன் எடுத்தாள். "இப்பத்தான் தட்டுனாரு."

லெப்டொப்பைத் திறந்தேன்; பெட்டியின் பதிவு போன் சிக்னலில் ஹட்டனுக்கும் வரும். அதே நேரத்தில் எட்டாவது கோடு ஒரு படி ஏறியிருந்தது. ஒட்டினாற்போல இன்னொரு படி. ஏழாவது ஆடவே இல்லை. ஆக, இது பக்கத்துச் சேனலின் மிச்சமும் இல்லை. மறு மழையிலும் இரண்டு படி. ஏறினது ஒரு தடவைகூட இறங்கவில்லை.

அன்றைக்கே ஓடிப்போய் லெப்டொப்பை அவள் மடியில் வைத்துக் காட்டினேன். சுவர் பிளக்கிற சத்தம் இது, பிளந்தது மறுபடி சேரவே இல்லை, மலை நகர்கிறது என்றேன். அவள் அந்தப் படிகளை விரலால் தடவினாள். எழுந்து போய்ச் சுவரில் காதை வைத்தாள்.

"அப்ப தட்டுனாரு இல்ல," என்றாள். "தட்டுச்சு."

அவ்வளவுதான், சேலைகளை மூட்டையாகக் கட்டத் தொடங்கினாள். அவளை வெளியே கொண்டுவரத்தான் இவ்வளவும் செய்தேன். இருந்தாலும் அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது என்னோடு ஹட்டனில் இருக்கிறாள். இங்கே சுவர் கூரை வரைக்கும் போகிறது, பக்கத்து வீட்டு இருமல்கூடக் கேட்காது. மழை நாளில் விடியுமுன் வெள்ளெனவே எழும்பிச் சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். லயம் இன்னும் விழவில்லை. எட்டாம் சேனலும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

நேற்று நல்ல மழை. தேத்தண்ணிக் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"இன்னைக்கும் தட்டுச்சாடி?"

திரையில் இரண்டு படி இருந்தது. தட்டுச்சு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"தட்டுனாரு அக்கா" என்றேன்.