நடு இருக்கை

ஒன்பது மணிக்கு லாரியை வீட்டு வாசலில் நிறுத்தி, இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டு, சி.டி.யைத் தட்டுகிறார் கனகவல்லி. கிட்டார் கிளம்புகிறது. லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் தெரு முழுக்கக் கேட்கும். பாட்டு மூன்றரை நிமிடம். அது முடியும்வரை காத்திருந்துவிட்டு, எட்டிக் கதவைச் சாத்தி, அரிசி மூட்டைகளோடு தனியே கிளம்பிவிடுவார். எட்டு மாதமாக இதே கதை. எதிர்வீட்டுக்காரனான நான் அந்த நேரத்துக்குச் சரியாக டீயோடு வாசலுக்கு வந்துவிடுவேன். வேடிக்கை பார்க்கத்தான், வேறென்ன.

ஒரு காலத்தில் சக்கைப்போடு போட்ட அமெரிக்க கன்ட்ரி பாட்டு அது. புது டிரக் வாங்கிய பையன் காதலியை ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகிறான். ஜன்னலோரம் வேண்டாம், நடுவில் வந்து என்னோடு ஒட்டி உட்கார் என்று கெஞ்சுகிறான். அவ்வளவுதான். கனகவல்லிக்கு அதில் ஆயிரம் குறை. "ஆத்தங்கரையிலை நிப்பாட்டிப்போட்டு நிலா பாக்கிறான். இஞ்சையெண்டா கவுன்சில்காரன் ஃபைன் டிக்கெட் ஒட்டியிருப்பான். பாட்டு முடியுமட்டும் ஒரு மூட்டை இறக்கேல்லை, கண்டியளோ."

சி.டி. அவர் கணவர் சிவானந்தனுடையது. இருபது வருடம் இந்த லாரியில் தமிழ்க் கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோனவர், போகிற வழியெல்லாம் இதையே பாடியவர். "அவ்வளவு பாடின மனிசன் ஒரு நாளெண்டாலும் என்னை ஏறு எண்டு கேட்டதோ? நடுச் சீட்டிலை ஸ்பேனர் பெட்டியெல்லோ இருந்தது." சொல்லிவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கோபமும் உண்டு.

இரண்டு வருடத்துக்கு முன் சர்க்கரை வியாதி சிவானந்தனின் கண்ணில் கைவைத்தது. லைசென்ஸ் போயிற்று, அன்றோடு பாட்டும் நின்றது. மனிதர் சோபாவே கதியென்று கிடந்தார். லாரியை விற்றுவிடுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். கனகவல்லியோ ஐம்பத்துமூன்று வயதில் லாரி பழகப் போனார். இரண்டு தடவை பெயில். மூன்றாம் தடவை பார்த்தால், பயிற்சி லாரியின் முன்சக்கரங்களுக்கு அடியில் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம். தேர்வாளர் இசபெல் குனிந்து பார்த்து, இதென்ன என்று கேட்டிருக்கிறார். கனகவல்லி பிறகு என்னிடம் சொன்னார்: "நான் வைக்கேல்லை அண்ணை. வரமாட்டன் எண்டு சொன்ன மனிசன், பஸ் பிடிச்சு வந்து தேசிக்காய் வைச்சிட்டுப் போயிருக்கு." பழம் இரண்டும் நசுங்கின. கனகவல்லி பாஸ்.

ஆனாலும் அவர் பக்கத்தில் ஏற சிவானந்தனுக்கு மனம் வரவில்லை. "மனிசி லொறி ஓட நான் பக்கத்திலை குந்தியிருக்கிறதோ? கடைக்காரர் என்ன நினைப்பினம்?" என்பார். சோபாவில் இருந்தபடி போனில் வழி மட்டும் சொல்வார். "நகைக்கடை தாண்டிட்டியோ? இனி இடப்பக்கம் எடு. முன்னுக்கு வாற பாலம் பதிவு, உயரம் காணாது, லொறி போகாது." கண் மங்கினாலும் லண்டன் தெருவெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. கனகவல்லியும் காதில் மாட்டிய போனில் "ஓம், ஓம்" என்றபடி தென்லண்டன் தோர்ன்டன் ஹீத் வரை போய் வருவார்.

எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது இதனால்தான். ஒரு நாளும் கணவரைக் கெஞ்சவில்லை, ஏசவில்லை. கதவைத் திறந்து வைத்தார், பாட்டைப் போட்டார். எனக்கென்றால் எட்டு நாள்கூடப் பொறுமை இருந்திருக்காது.

நேற்று கிட்டார் கிளம்பியதும் தெருவைக் கடந்து அவர் பக்க ஜன்னலடிக்குப் போனேன்.

"இண்டைக்குப் போனை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டன் அண்ணை," என்றார். ஒரு கட்டு கறிவேப்பிலையைக்கூட மறக்காத பெண்மணி.

"நான் போய் எடுத்துட்டு வரட்டுமா?"

"வேண்டாம்." பார்வையை முன்கண்ணாடியிலிருந்து எடுக்கவில்லை.

பாட்டில் பையன் கெஞ்சும் இடம் வந்தபோது வீட்டுக் கதவு திறந்தது. சிவானந்தன் படியைத் தடவி இறங்கினார். ஜாக்கெட் போட்டிருந்தார், காலில் சப்பாத்து. திறந்திருந்த லாரிக் கதவருகே வந்து போனை நீட்டினார். "இதில்லாமல் எப்பிடிப் போவாய்?"

கனகவல்லி போனை வாங்கவில்லை. நடு இருக்கையில் இருந்த ஸ்பேனர் பெட்டியைத் தூக்கி, ஜன்னல் வழியே என் கையில் கொடுத்துவிட்டு, அந்த இடத்தை உள்ளங்கையால் துடைத்தார்.