மாமா கேட்க ஆசைப்பட்ட சத்தம்

என் அக்கா புருஷன் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறேன் என்றபோது வீடே சிரித்தது. முப்பது வருஷம் செய்தித்தாள் அச்சடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற மனுஷன். ஓய்வு பெறும்போது வலது காதை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தார். இடது காதும் அதிக நாள் தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"இவ்வளவு வருஷம் சம்பளத்துக்காகச் சத்தம் கேட்டேன். இருக்கிற காதுல எனக்குப் பிடிச்ச சத்தம் ஒண்ணைக் கேட்டுக்கிறேனே" என்றார் மாமா. இளவட்டமாக இருந்தபோது பெட்ரோல் பங்கில் வேலை பார்த்தாராம். அங்கே அடிக்கடி வந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜின் சத்தம்தான் அது. அதற்கு மேல் யார் சிரிப்பது?

முதலில் ஷோரூமுக்குப் போனோம். ஒரே வருஷம் ஓடிய கார், மெருகு குலையாமல் நின்றது. விற்கிற பெண் பட்டனை அழுத்தினாள். மாமா குனிந்து பானெட்டில் இடது காதை வைத்தார்.

"என்ன மாப்ள இது, ஃபேன் ஓடுற அளவுக்குக்கூடச் சத்தம் இல்ல?"

"புதுசுன்னா அப்படித்தான் மாமா. வாரண்டி இருக்கு. பழசு எப்போ நடுரோட்டுல காலை வாரும்னு யாருக்குத் தெரியும்?"

அவர் என் உதட்டையே பார்த்துச் சிரித்தார். ஒற்றைக் காலில் நின்றார், பழையதைப் பார்த்தே தீர வேண்டுமென்று.

பழையது ஒரு சந்துக்குள், மெக்கானிக் ஷெட்டில் கிடந்தது. அவர் சொன்ன அதே ரகம்தான். பெயிண்ட் உரிந்திருந்தது, ஒரு கதவு உள்ளேயிருந்துதான் திறக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கூறு கெட்ட ஆசை" என்று அவர் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தேன். முகம் திரும்பியிருந்தால் அவரை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். கொஞ்ச நாளாக எனக்கு அது வசதியாகவே இருந்தது.

மாமா காரின் பின்னால் போய், சைலன்சர் பக்கம் இடது காதைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு குனிந்து நின்றார். மெக்கானிக் சாவியைத் திருப்பினார்.

சந்தே அதிர்ந்தது. மாடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வீரிட்டது. அதன் அம்மா ஜன்னலைத் திறந்து எங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டினாள். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். ஆனாலும் பொய் சொல்லக் கூடாது, கம்பீரமான சத்தம். கதவு போனால் போகட்டும், இதையே வாங்கிக்கொள்ளட்டும் என்று நினைத்துவிட்டேன்.

மாமா அப்படியே நின்றார். கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"ஸ்டார்ட் பண்ணச் சொல்லு மாப்ள. எவ்வளவு நேரம்தான் குனிஞ்சு நிக்கிறது?"

மெக்கானிக் அதைக் கேலி என்று நினைத்து இன்னும் அழுத்தி மிதித்தார். நாங்கள் பேசியதை எல்லாம் மாமா உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டிருக்கிறார். அதைக் காது கேட்கிறது என்றே நம்பியிருக்கிறார், பாவி மனுஷன்.

கண்ணைத் திறந்தவர் ஜன்னலில் கத்துகிற பெண்ணைப் பார்த்தார். காதைப் பொத்தியிருந்த என் கைகளைப் பார்த்தார். மெதுவாக டிக்கியின் மேல் உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"ஓடுதா?"

தலையாட்டினேன்.

"எப்படி இருக்கு? நல்லா இருக்கா?"

ஏதோ சொல்ல வாயெடுத்தேன். என் உதடு துடித்த துடிப்பில் அவருக்கு ஒரு வார்த்தையும் பிடிபட்டிருக்காது. மறுபடியும் தலையைத்தான் ஆட்டினேன்.

மாமா கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"புதுசையே எடுத்துடலாம் மாப்ள. உங்க அக்கா பாவம், இந்த இரைச்சலைத் தாங்க மாட்டா."